ஒகேனக்கல் முதல் கே.ஆர்.பி. அணை வரை: நீர் மீட்புக்கு ஆளில்லா இயந்திரங்கள், முழுமையான வழிகாட்டி

தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் கடற்கரை கிடையாது. ஆனால் ஒகேனக்கல்லில் காவிரி இருக்கிறது. தென்பெண்ணையில் கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி நீர்த்தேக்கத் திட்ட) அணையும் கெலவரப்பள்ளி அணையும் இருக்கின்றன. நாகமரையில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு விரிந்து கிடக்கிறது. கைவிடப்பட்ட கிரானைட் குவாரிக் குழிகள் வேறு. இங்கெல்லாம் ஒருவர் மூழ்கினால் ஓடி வருபவர்கள் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையினரும் பரிசல் ஓட்டிகளும் மீனவர்களும்தான்.

கடலோரக் காவல் படைகள் தேடல், மீட்பு, ரோந்து வேலைகளுக்கு ஆளில்லா விமானத்தையும் படகையும் சேர்த்துக்கொள்ளும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. பணியை வரையறுப்பது, அதற்கேற்ற கருவியைத் தேர்வது, இயந்திரம் எதைத் தானே செய்யலாம், எதை மனிதர் மட்டுமே செய்ய வேண்டும் என்று கோடு போடுவது, பிறகு ஒத்திகை. அந்த ஒழுங்கு ஆற்றுக்கும் அணைக்கும் பொருந்தும். அவர்களுடைய இயந்திரங்கள் பொருந்தாது. இந்தியக் கடற்படை 2020இல் குத்தகைக்கு எடுத்து அரக்கோணத்திலிருந்து பறக்கவிட்ட சீகார்டியன் போன்ற விமானம் பெருங்கடலைப் பார்க்கச் செய்தது. நமக்குத் தேவை ஒரு ஜீப்பின் பின்பக்கத்தில் அடங்கும் கருவி.

முதல் படி: வேலையை எழுதுங்கள்

விலைப்பட்டியலை வாங்குவதற்கு முன் ஒரு தாளில் வேலைகளை எழுதுங்கள். நம் பகுதியில் பெரும்பாலும் ஐந்துதான் வரும்: அடித்துச் செல்லப்பட்டவரைத் தேடுவது, தத்தளிப்பவருக்கு மிதவை கொடுப்பது, நீர்வரத்து ஏறும்போது கரையில் இருப்பவர்களை எச்சரிப்பது, மூழ்கியவரின் உடலைக் கண்டுபிடிப்பது, அணையில் வண்டல், ஆழம், நுரை போன்றவற்றை அளப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று எண்கள் வேண்டும். எத்தனை நிமிடத்தில் தொடங்க வேண்டும்? எவ்வளவு பரப்பு? நீரோட்டம் நொடிக்கு எத்தனை மீட்டர்?

முதல் எண்ணில்தான் பெரும்பாலான திட்டங்கள் விழுந்துவிடும். நீரில் தத்தளிப்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பென்னாகரத்தில் பூட்டிய அறைக்குள் இருக்கும் ட்ரோன் ஒகேனக்கல் வந்து சேர்வதற்குள் அது மீட்புக் கருவி என்ற நிலையிலிருந்து உடலைத் தேடும் கருவி என்ற நிலைக்கு இறங்கிவிடும். கூட்டம் உள்ள நாட்களில் கருவியும் ஆளும் ஆற்றங்கரையிலேயே இருக்க முடியாதென்றால், மிதவை போடும் ட்ரோனை வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் எறிகயிறும் உயிர்காப்பு உடையும் வாங்கலாம்.

இரண்டாம் படி: எந்த நீருக்கு எது

ஒகேனக்கல் அருவிப் பகுதியில் ஆளில்லாப் படகை இறக்காதீர்கள். பாறை இடுக்குகள், சுழல்கள், நுரைத்த நீர். ப்ரொபெல்லர் காற்றுக் குமிழி நிறைந்த நீரில் பிடிமானம் இழக்கும், படகு சொன்னபடி திரும்பாது. ரிமோட்டில் ஓடும் உயிர்காப்பு மிதவையும் அப்படித்தான். அமைதியான நீரில் மணிக்கு 15 கி.மீ., அதாவது நொடிக்கு சுமார் 4 மீட்டர் போகும் மிதவை, நொடிக்கு 3 மீட்டர் ஓட்டத்தை எதிர்த்தால் நொடிக்கு ஒரு மீட்டர்தான் முன்னேறும். அங்கே மேலே ட்ரோன், கீழே பரிசல் என்ற கூட்டணிதான் நிற்கும். எந்தப் பாறைக்குப் பின்னால் நீர் சுழல்கிறது என்பது பரிசல் ஓட்டிக்குத் தெரிந்த அளவுக்கு எந்த வரைபடத்திலும் இல்லை. ட்ரோன் அவருக்கு மேலிருந்து பார்க்கும் கண் மட்டுமே.

கே.ஆர்.பி. அணை, கெலவரப்பள்ளி, நாகமரை போன்ற அகன்ற நீரில் ஆளில்லாப் படகுக்கு வேலை உண்டு. ஓட்டம் குறைவு, பரப்பு பெரிது, ஒரே கோட்டில் மணிக்கணக்காக ஓட வேண்டிய வேலை. குவாரிக் குழியில் இரண்டையும் விட, கயிற்றில் கட்டிய நீரடி ரோபோதான் பொருத்தம். நீர் அசையாது, கரை செங்குத்து, ஆழம் தெரியாது. மனிதரை இறக்குவதற்கு முன் கேமராவை இறக்குவது நல்லது.

மூன்றாம் படி: அனுமதிகள்

ட்ரோன் விதிகள் 2021இன்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. மீட்பு வேலைக்கு மிதவை சுமக்கும் ட்ரோன் பெரும்பாலும் ‘சிறியது’ வகையில் வரும். அதற்குத் தனி அடையாள எண், சான்று பெற்ற ஓட்டுநர், மூன்றாம் தரப்புக் காப்பீடு மூன்றும் வேண்டும். ஓட்டுநர் பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், வயது 18க்கு மேல். பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத வான்பகுதியில்) தரையிலிருந்து 120 மீட்டர் வரை பறக்கலாம். ஆனால் ஒவ்வொரு இடத்துக்கும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்பகுதி வரைபடத்தைத் திறந்து பார்த்து, அந்தத் தேதியோடு அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மண்டலங்கள் மாறும்.

2022 பிப்ரவரியிலிருந்து முழு ட்ரோனாகவோ பிரித்த தொகுப்பாகவோ வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. பாதுகாப்பு, ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. உள்நாட்டில் வகைச் சான்று பெற்ற மாதிரியையே கேளுங்கள். மாநில அரசின் தமிழ்நாடு ஆளில்லா வான்வழி வாகனங்கள் கழகம் பயிற்சியும் தருகிறது.

வான் அனுமதி இருந்தால் மட்டும் போதாது. அணை என்றால் நீர்வளத் துறை. ஒகேனக்கல்லைச் சுற்றிய காடு என்றால் வனத்துறை. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பரவிய காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டதை மறக்க வேண்டாம். இன்னொன்று, ஒகேனக்கல்லில் ஆற்றின் எதிர்க்கரை கர்நாடகம். ட்ரோனின் பறக்கும் எல்லையை நம் பக்கத்திலேயே நிறுத்தி மென்பொருளில் வேலி போடுங்கள். அவசரத்தில் அந்தப் பக்கம் போக வேண்டியிருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை மாவட்ட நிர்வாகத்தின் மூலம் முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

ரேடியோவிலும் ஒரு பொறி உண்டு. இணையத்தில் விற்கும் பல டெலிமெட்ரி (கருவிக்கும் கரைக்கும் இடையே தகவல் அனுப்பும் ரேடியோ) தொகுப்புகள் 915 மெகாஹெர்ட்ஸில் ஓடுபவை. அது அமெரிக்காவுக்கானது, இங்கே உரிமமின்றிப் பயன்படுத்த முடியாது. 865–867 மெகாஹெர்ட்ஸ் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

நான்காம் படி: ட்ரோனைத் தேடலுக்கு அமைப்பது

கேமராவின் பார்வைக் கோணம் 70 பாகை என்று வைத்துக்கொள்வோம். 40 மீட்டர் உயரத்தில் அது சுமார் 56 மீட்டர் அகலத்தைப் பார்க்கும். 4கே படத்தில் ஒரு புள்ளி (பிக்சல்) ஒன்றரை சென்டிமீட்டர், நீருக்கு மேல் தெரியும் தலை 13 புள்ளி. கண்ணுக்குத் தென்படும். 80 மீட்டருக்கு ஏறினால் தலை ஆறேழு புள்ளிதான், பாறையின் நிழலோடு கலந்துவிடும். ஆகவே 40 மீட்டர், பக்கத்துக் கோடுகளுக்கு இடையே 45 மீட்டர், வேகம் நொடிக்கு 5 மீட்டர். இப்படிப் போனால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1.35 ஹெக்டேர் பார்க்கலாம். ஒரு சதுர கிலோமீட்டருக்கு 75 நிமிடம், திரும்பும் நேரம் தனி. 20 நிமிடம் பறக்கும் பேட்டரி என்றால் குறைந்தது ஐந்து வேண்டும். ஒரே பேட்டரியோடு வரும் விலைப்புள்ளியைத் திருப்பி அனுப்புங்கள்.

வெப்பக் கேமராவைப் பற்றிப் பெரிய நம்பிக்கை உலவுகிறது. அது நீருக்குள் பார்க்காது. அகச்சிவப்புக் கதிரை நீரின் மேற்பரப்பிலேயே ஒரு மெல்லிய படலம் விழுங்கிவிடும். பகல் இரண்டு மணிக்கு ஒகேனக்கல் பாறைகள் மனிதத் தலையைவிடச் சூடாக இருக்கும், படம் முழுக்க வெள்ளையாகத் தெரியும். விடியலுக்கு முந்தைய நேரத்தில்தான் அது கை கொடுக்கும். அப்போதும் 40 பாகைக் கோணமும் 640 புள்ளி அகலமும் உள்ள கேமராவில் 40 மீட்டர் உயரத்திலிருந்து தலை நான்கைந்து புள்ளிதான். 20 மீட்டருக்கு இறங்கிப் பறக்க வேண்டும்.

எங்கே தேடுவது? ஆற்றில், விழுந்த இடத்தில் தொடங்குவது வீண். ஓட்டம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் ஐந்து நிமிடத்தில் 600 மீட்டர் போயிருப்பார். கடைசியாகப் பார்த்த இடம், பார்த்த நேரம், அன்றைய ஓட்ட வேகம் மூன்றையும் கேட்டு, எதிர்பார்க்கும் இடத்துக்குக் கீழே போய் அங்கிருந்து மேல்நோக்கி வாருங்கள். வழியில் சுழல் உள்ள மடுக்களில் நின்று பாருங்கள், ஆளை அங்கேதான் நீர் பிடித்து வைக்கும். ஓட்ட வேகத்துக்கு, காவிரி தமிழகத்துக்குள் நுழையும் எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் அளக்கும் நீர்வரத்து நல்ல குறிப்பு. வெவ்வேறு வரத்து நாட்களில் ஒரு தேங்காயை மிதக்கவிட்டு 100 மீட்டரைக் கடக்கும் நேரத்தைக் குறித்து, வரத்துக்கு எதிரே வேகம் என்று அட்டவணை போட்டு வைத்தால் அவசரத்தில் கணக்குப் போட வேண்டியதில்லை. இந்த அளவீட்டைக் கரையிலிருந்தே செய்யுங்கள்.

அணையில், இடம் ஓரளவு உறுதி என்றால் விரியும் சதுரம். 45, 45, 90, 90, 135, 135, 180, 180 மீட்டர் என்று ஒரே பக்கம் திரும்பிக்கொண்டே போவது. மொத்தம் 900 மீட்டர், மூன்றே நிமிடம், நான்கு ஹெக்டேர் முடிந்தது. இடமே தெரியாதென்றால் இணைக்கோடுகள். கடலில் கப்பல்களும் விமானங்களும் தேடும் முறைகள்தான் இவை, அளவு மட்டும் சுருங்கியிருக்கிறது.

அமைப்பில் தவறாமல் பார்க்க வேண்டியவை சில. ட்ரோன் காட்டும் உயரம் புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிட்டது, நீர்மட்டத்திலிருந்து அல்ல. மேட்டிலிருந்து கிளப்பினால் நீருக்கு மேல் உள்ள உண்மையான உயரம் அந்த வித்தியாசத்தையும் சேர்த்தது, அந்த அளவுக்குக் குறைத்துப் பறங்கள். தானாகத் திரும்பும் உயரத்தை, சுற்றியுள்ள உயரமான பாறை, மரம், மின்கம்பி, தொங்கு பாலம் எல்லாவற்றுக்கும் மேல் 20 மீட்டர் வையுங்கள். பள்ளத்துக்குள் இறங்கினால் செயற்கைக்கோள் எண்ணிக்கை குறையும். 12க்குக் கீழே வந்தால் மேலேறுங்கள். தாழ்வாகப் பறக்கும்போது அடிப்பக்கப் பார்வை சென்சார் ஓடும் நீரைத் தரை என்று நம்பி, நீரோடு சேர்ந்தே ட்ரோனை நகர்த்தும். அணைக்க முடிந்தால் 10 மீட்டருக்குக் கீழ் அதை அணைத்துவிடுங்கள். மெயின் அருவியின் சாரல் காற்றோடு வரும் பக்கம் நிற்காதீர்கள்.

தானாக மனிதரை அடையாளம் காணும் மென்பொருள் உதவும். ஆனால் வேறு ஊர்ப் படங்களில் பழகியது ஒகேனக்கல்லின் ஈரப்பாறை ஒவ்வொன்றையும் தலை என்று சொல்லும். நம் இடத்திலேயே, வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த படங்களைக் கொடுத்துப் பழக்கிய பிறகே நம்புங்கள். அதுவரை திரையை ஒருவர் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: மிதவை போடுவது

நீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் மிதவை எடை குறைவு, ட்ரோனுக்கு ஏற்றது. உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடு குப்பி பயிற்சிக்கு ஒன்று, பணிக்கு ஒன்று என்று தீரும். உதிரிக் குப்பிகளும் நீரில் கரையும் வில்லைகளும் கையில் இருக்கட்டும். மழைக்கால ஈரத்தில் அந்த வில்லை பெட்டிக்குள்ளேயே இளகி மிதவை ஊதிவிடும். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

‘ஆளுக்கு மேல்புறம் போட்டால் ஓட்டத்தில் வந்து சேரும்’ என்று பலர் சொல்வார்கள். ஆள் மிதந்து போய்க்கொண்டிருந்தால் அது தப்பு. ஆளும் மிதவையும் ஒரே நீரில் ஒரே வேகத்தில் போகும், இடைவெளி குறையாது. லேசான மிதவையைத் தள்ளுவது காற்று. அதனால் காற்று வரும் பக்கம், ஆளுக்கு ஓரிரு மீட்டர் தள்ளிப் போடுங்கள். அவர் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றால் மட்டும் மேல்புறம் போடலாம். ஐந்து மீட்டருக்குக் கீழே இறங்கினால் இறக்கைக் காற்று நீரை அவர் முகத்தில் அடிக்கும். ட்ரோனிலிருந்து கயிறு தொங்கவிட்டு இழுப்பது ஒருக்காலும் கூடாது. போடும் பொத்தானை அழுத்துவது மனிதர்தான், மென்பொருள் அல்ல.

ஆறாம் படி: ஆளில்லாப் படகு

சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல்களின் தன்னியக்கத்தை நான்கு நிலைகளாகப் பிரித்தது. நமக்கு மூன்றாம் நிலை போதும். படகில் ஆள் இல்லை, கரையில் இருந்து ஒருவர் எப்போதும் கட்டுப்படுத்துகிறார். போட்டுக் கொடுத்த கோட்டில் தானே ஓடலாம், அவ்வளவுதான்.

பொறியியல் கல்லூரி அணி ஒன்று கட்டக்கூடிய அளவு இது: ஒன்றரை மீட்டர் நீள இரட்டை உடல், பக்கத்துக்கு ஒரு மின் திரஸ்டர் (நீரைத் தள்ளும் மோட்டார்), ஆர்டுரோவர் என்ற தானியக்க மென்பொருள் ஓடும் கட்டுப்பாட்டுப் பலகை, ஜிபிஎஸ், திசைகாட்டி, டெலிமெட்ரி, 12.8 வோல்ட் 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. நொடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் இரு திரஸ்டருக்கும் சேர்த்து 240 வாட், மின்னணுவுக்கு 20 வாட் என்று கொண்டால், 640 வாட்-மணியில் 80 சதவீதத்தைப் பயன்படுத்த ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மூன்றில் ஒரு பங்கைத் திரும்பி வருவதற்கு ஒதுக்குங்கள். மீதி 80 நிமிடம், 7 கிலோமீட்டர் சொச்சம். எதிர்காற்றில் இதுவும் குறையும்.

மென்பொருளில் சட்டக வகை 2 என்று கொடுத்தால்தான் அது படகு என்று தெரியும். இடது திரஸ்டர் வெளியீட்டுக்கு 73, வலதுக்கு 74. இதெல்லாம் கையேட்டில் கிடைக்கும். கையேட்டைப் படித்தும் பலர் கோட்டைவிடுவது சிக்னல் அறுந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பில். ‘ஹோல்டு’ என்று விட்டால் தரை வண்டி நின்றுவிடும். படகு நிற்காது. மோட்டார் நின்று, காற்றும் நீரும் இழுத்த பக்கம் மிதந்து போகும், அது மதகுப் பக்கமாகவும் இருக்கலாம். சாதாரண ‘திரும்பி வா’ நேர்க்கோட்டில் வரும், நடுவில் திட்டு இருந்தால் மோதும். ‘ஸ்மார்ட் ஆர்டிஎல்’ வந்த தடத்திலேயே திரும்பும். அதையே வையுங்கள், பிறகு கரையில் ரிமோட்டை அணைத்து உண்மையிலேயே திரும்புகிறதா என்று பாருங்கள்.

மதகிலிருந்து 300 மீட்டருக்குள் போகாதபடி வேலி வரையுங்கள். ஷட்டர் திறந்த நாளில் படகை இறக்கவே வேண்டாம். கே.ஆர்.பி. அணையில் 2017 நவம்பரில் ஒரு ஷட்டர் உடைந்து நீர் வெளியேறியது நினைவிருக்கும். அணைப் பணியாளரோடு தொலைபேசித் தொடர்பு இல்லாமல் நீரில் எதையும் விடாதீர்கள்.

தொடர்பு அறுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆண்டெனாவின் உயரம். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரு கிலோமீட்டர் தொலைவுக்கு, நடுவழியில் கதிர்ப்பாதையைச் சுற்றி குறைந்தது மூன்றரை மீட்டர் தடையற்ற இடைவெளி வேண்டும். நீர்ப்பரப்பும் தடைதான். படகில் ஆண்டெனா ஒரு மீட்டர் உயரத்தில் இருந்தால் கரையில் ஆறு மீட்டர் கம்பம் தேவை. கையில் ரிமோட்டோடு கரையில் உட்கார்ந்தால் 400 மீட்டரிலேயே படம் நடுங்கும்.

திசைகாட்டியை மோட்டார் வயர்களிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி, உயரத்தில் பொருத்துங்கள். அந்த வயர்களை முறுக்கிவிடுங்கள். ஜீப் பானட்டின் மேலோ மதகின் இரும்புப் பாலத்திலோ வைத்து அளவொத்திசைவு (காலிப்ரேஷன்) செய்தால் படகு வளைந்து வளைந்து ஓடும்.

ஆகாயத்தாமரையும் மீன் வலையும் அடுத்த எதிரிகள். திரஸ்டருக்குக் கம்பி வலைக் கூண்டு போடலாம், ஆனால் தள்ளுவிசை குறையும். மின்னோட்டம் ஏறி வேகம் இறங்கினால் ஏதோ சுற்றிவிட்டது என்று பொருள். உடனே நிறுத்தி மூன்று நொடி பின்னோக்கிச் சுழற்றுங்கள். இரண்டு முறைக்கு மேல் முயன்றால் மோட்டார் கருகும். எந்தெந்தப் பக்கம் வலை கட்டியிருக்கிறது என்று மீனவர்களிடம் அன்று காலையே கேட்டுக்கொள்வது இதையெல்லாம் விட மலிவு. வலை அறுந்தால் அடுத்த முறை அவர்கள் உதவிக்கு வரமாட்டார்கள்.

ஏழாம் படி: நீருக்கடியில்

ஒலியால் அடித்தளத்தைப் படமெடுக்கும் பக்கவாட்டு சோனாரைப் படகில் கட்டி, நொடிக்கு 1 முதல் ஒன்றரை மீட்டர் வேகத்தில், பக்கத்துக்கு 20 மீட்டர் வீச்சோடு, 30 மீட்டர் இடைவெளிக் கோடுகளில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் உருவம் சுருங்கும், திருப்பங்களில் படம் சிதையும். திருப்பத்தில் எடுத்ததைக் கணக்கில் சேர்க்காதீர்கள். மூழ்கிய மரக்கட்டையும் பாறையும் ஆள் போலவே தெரியும். அதனால் சந்தேகமான இடத்தை வேறொரு திசையிலிருந்து மறுபடி ஓட்டி நிழலின் நீளத்தைப் பாருங்கள். குறித்த இடத்தில் மிதவை கட்டிய கல்லைப் போட்டுவிட்டு, பிறகு முக்குளிப்பவரையோ பாதாளக் கரண்டியையோ இறக்கலாம். அருவிக்குக் கீழே சோனார் வேலை செய்யாது. காற்றுக் குமிழிகள் ஒலியைச் சிதறடித்துவிடும்.

குவாரியில் நீரடி ரோபோவின் கயிறு பழைய இரும்பிலும் முள்ளிலும் சிக்கும். நேராகக் கீழே இறக்கி, அடியைத் தொட்டபின் கிடையாக நகர்த்துங்கள். திரும்பும்போது முதலில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, வந்த வழியில் வாருங்கள். அடிச்சேற்றைக் கிளப்பினால் அரைமணி நேரம் எதுவும் தெரியாது.

எட்டாம் படி: ஆட்கள், ஒத்திகை, ஆடி

குறைந்தது மூன்று பேர்: ஓட்டுபவர், திரை பார்ப்பவர், முடிவெடுப்பவர். ஓட்டுபவரே முடிவும் எடுத்தால் இரண்டும் கெடும். ஒரே ஒருவருக்கு மட்டும் சான்று வாங்கினால் அவர் பணிமாறுதலில் போன அன்று ட்ரோன் பீரோவுக்குள் போய்விடும். நிலையத்துக்கு மூவருக்காவது பயிற்சி கொடுங்கள்.

முக்கால்வாசி நிரப்பிய 20 லிட்டர் தண்ணீர் கேனில் கருப்புத் துணி சுற்றி நீரில் விட்டால் தேடல் பொம்மை தயார். சிவப்புத் துணி வேண்டாம், அது ஏமாற்று. மாதம் ஒருமுறை, பொம்மை எங்கே என்று ஓட்டுநருக்குச் சொல்லாமல் ஒத்திகை நடத்துங்கள். அழைப்பு வந்து 90 நொடியில் கிளம்ப வேண்டும், ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும். எட்டவில்லை என்றால் எந்தக் கட்டத்தில் நேரம் போனது என்று குறியுங்கள். பெரும்பாலும் சார்ஜ் இல்லாத பேட்டரியோ பூட்டிய பெட்டியின் சாவியோதான் காரணமாக இருக்கும்.

ஆடிப்பெருக்கு தனித் திட்டம் கேட்கும். கூட்டமும் நீர்வரத்தும் ஒரே வாரத்தில் ஏறும், காற்று வேறு அம்மியையே பறக்கவைக்கும். பிலிகுண்டுலு வரத்து லட்சம் கன அடியைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. அப்படிப்பட்ட நாளில் ட்ரோனின் வேலை மீட்பு அல்ல, எச்சரிக்கை. ஒலிபெருக்கி கட்டி, தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் பதிவு செய்த அறிவிப்பை ஊட்டமலை தொடங்கிக் கரையோரமாக ஒலிபரப்புங்கள். பெங்களூரிலிருந்து வருபவர்களுக்குத் தமிழ் மட்டும் போதாது. ஒவ்வொரு அறிவிப்பும் பத்து நொடிக்குள் முடியட்டும். கூட்டத்தின் தலைக்கு மேல் பறக்காமல் நீரின் விளிம்பில் பறந்தபடியே சொல்லுங்கள். நொடிக்கு 10 மீட்டருக்கு மேல் காற்று வீசினால் சிறிய ட்ரோன்களை இறக்கிவிட்டு மெகாபோனை எடுங்கள்.

பராமரிப்பு

கடலில் உப்பு தின்பதை இங்கே வண்டலும் கழிவும் தின்கின்றன. கெலவரப்பள்ளியில் ரசாயன நுரை படிந்த கருவியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். ஓ-வளையங்களில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள், மணல் துகள் ஒன்று இருந்தாலும் நீர் புகும். ட்ரோனின் லித்தியம் பாலிமர் பேட்டரியை முழு சார்ஜில் வாரக்கணக்கில் வைக்காதீர்கள், வீங்கிவிடும். ஒரு செல்லுக்கு 3.8 வோல்ட்டில் சேமியுங்கள், ஆனால் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரண்டு பேட்டரியாவது முழுதாக நிரம்பியிருக்கட்டும். சித்திரை வெயிலில் மூடிய ஜீப்புக்குள் வைப்பதை அறவே தவிருங்கள். ப்ரொபெல்லர் விளிம்பில் நகத்தால் தடவி வெட்டு தட்டுப்பட்டால் மாற்றுங்கள், ஒட்ட வேண்டாம். இயந்திரம் வாங்கும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் உதிரிக்கும் பயிற்சிக்கும் அதே கோப்பிலேயே ஒதுக்கிவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் அடுத்த நிதியாண்டுதான்.